பீஜிக்கு ஏழு குடும்பங்கள்

தையற்காரர் சங்கரலிங்கம் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் வைத்து அவர் மைத்துனர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சர்க்காரிலிருந்து பதில் வரும் நேரம் பார்த்தா போவது? நான்கு வருஷம் என் உயிரை வாங்கிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். அவரை அறிந்தவர்கள் நான் இப்படி எழுதுவதைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். அவர்களையும் அவர் இப்படித்தான் படுத்தினார்.

கிழக்கேகோட்டையில் விண்ணப்பம் எழுதிப் பிழைப்பவன் நான். சர்க்கார் சேவகர்களின் உடுப்புகளைத் தைத்து வந்தவர்கள் சங்கரலிங்கமும் அவர் உறவுக்காரர்களும், ஆக ஏழு குடும்பம். அந்த வேலையைத் திடீரென்று சிறைக் கைதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழு வீட்டிலும் அடுப்பு எரிவது பெரும்பாடாயிற்று. பீஜித் தீவில் சட்டை தைக்க ஆளில்லை என்று யாரோ சொல்ல, எல்லாரும் அங்கே போவதென்று இவர் முடிவு செய்துவிட்டார். கப்பலேற்ற ஏஜெண்டு தயாராகத்தான் இருந்தான், ஆனால் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாக.

"கூலிச் சீட்டுல ரேகை வைக்கமாட்டேன், பிள்ளைவாள். தையக்காரனா ஏறி தையக்காரனாத்தான் எறங்குவேன். வேலையை எடுத்தது சர்க்கார்தானே? கப்பல் சார்ஜையும் சர்க்காரே கொடுக்கட்டும்."

ஒரு விண்ணப்பத்தையும் அவர் முதல் தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. நல்ல காகிதத்தில் எழுதி மை காயும் வரை வாயைத் திறக்கமாட்டார். பிறகு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தாழ்மையுடன்ங்கிறது மூணு எடத்துல வருது. ரெண்டைப் பிரிச்சிருங்க" என்பார். எழுதும் முன்னால் சொன்னால் என்ன என்று கத்துவேன். "போட்டுப் பாத்தால்லா தெரியும்!" என்பார். அவருக்காக வீணான காகிதத்தில் ஒரு கடை வைத்திருக்கலாம்.

ஒரு தடவை அதிகாரி ஒருவர் நேரில் கூப்பிட்டு, "உம் குடும்பத்துக்கு மட்டும் வழி செய்கிறேன்" என்றார். ஒப்புக்கொள்ளும் ஐயா என்று பின்னால் நின்று அவர் மேல்துண்டை இழுத்தேன். அவரோ, "ஒத்தைக் கை வச்ச சட்டையை எஜமான் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அதிகாரி சிரித்தார். காகிதம் எட்டு மாதம் தூங்கியது.

கடைசி விண்ணப்பத்தை, பெயர்ப் பட்டியலோடு, எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வேறொருவரிடம் எழுதிக்கொண்டார். என் கண் முன்னாலேயே! கேட்டதற்கு, "சாரமில்ல, பிள்ளைவாள்" என்று, பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொல்லி மழுப்பினார். அன்றோடு நான் பேச்சை நிறுத்தினேன். மறுபடி பேசவேயில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் மைத்துனர் சர்க்கார் கடிதத்தோடு வந்தார். ஏழு தையற்காரக் குடும்பங்களுக்கும் சம்மதம். பட்டியலில் எட்டாவதாக உள்ளவர் அத்தொழிலினர் அல்லர், அவரை நீக்கி அனுப்பவும் என்றிருந்தது. திருப்பி அனுப்பியிருந்த பட்டியலைப் பிரித்தேன். எட்டாவதாக என் பெயர். அடியில் என் மனைவி, மூன்று பிள்ளைகள்.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"அங்கயும் சர்க்கார் உண்டும்லா, ஹர்ஜி எழுத ஆளு வேணும்னு அத்தான் சொன்னாவ. உங்ககிட்ட எழுதக் கொடுத்தா உங்க பேரை நீங்களே வெட்டிருவீங்களாம்."

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? சங்குமுகம் கடலில்கூட நான் கால் நனைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கோபத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரை நீக்கி, புதுப் பட்டியலை நானே எழுதிக் கொடுத்தேன். யாரும் திருத்தம் சொல்லவில்லை. ஏழு குடும்பமும் அடுத்த மாதம் மிஷின்களோடு கப்பலேறுகிறது. பழைய பட்டியலை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் எட்டுக் குடும்பம் இருக்கிறது.