ஏக்தம் சாஃப்

அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் செம்பூர் வீட்டில் கடல் பவளங்கள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைப் பராமரிக்கத் தாராவியிலிருந்து வருவார். தோளில் எப்போதும் மஞ்சள் துணி. கை சதா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

தண்ணீரில் நைட்ரேட்டைக் குறைக்கும் ரியாக்டரில் பயோபெல்லட் மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், அதிகமானால் தண்ணீரில் சத்தே இல்லாமல் பவளம் பட்டினியால் சாகும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் மணி டப்பா காலி. பவளங்கள் பழுப்பு நிறம் போய் வெளுத்துச் செத்திருந்தன.

“தண்ணி ஏக்தம் சாஃப், பளிச்சுனு ஆயிட்டுல்லா சார்? பவளத்துல இருந்த அழுக்கும் போயிட்டு” என்றார் பெருமையாக.

“அது அழுக்கு இல்லய்யா, உயிரு!” என்று கத்தினேன்.

அவர் கண்ணாடியில் தெறித்த என் எச்சிலை மஞ்சள் துணியால் பதமாகத் துடைத்தார்.