மூன்றாம் மாடியின் சீதோஷ்ணம்

அந்தக் கட்டடத்தை இடித்துப் பதினோரு வருஷமாகிறது. இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கார்பன் தாள் வாசனையும் டைப்ரைட்டர் மணியும் எங்கே போயினவோ, யாருக்கும் அக்கறையில்லை. எனக்கு மட்டும், அங்கே குடித்தனம் நடத்திய வெயிலும் குளிரும் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு தேசங்கள் இருந்தன. ஜன்னலோர தேசத்துக்கு எப்போதும் புழுங்கும். ஏ.சி. காற்று நேரே உச்சந்தலையில் இறங்கும் உள்தேசத்துக்குப் பல் தந்தியடிக்கும். விசிறிக்கொண்டே கையெழுத்துப் போடும் மேலாளர் அந்தப் பக்கம், ஸ்வெட்டர் போட்ட தலைமை எழுத்தர் இந்தப் பக்கம். இருவருக்கும் நடுவில் ஏ.சி. மெக்கானிக்கின் தலை தினமும் உருண்டது.

அவரை எல்லோரும் 'கூலிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். காதிடுக்கில் பென்சில், முழங்கை வரை கிரீஸ், வாசம் மொட்டைமாடி இயந்திர அறையில். மேலும் கீழும் ஓடிக் கால் தேய்ந்தபின், ஒரு சனிக்கிழமை அவர் அந்த மகத்தான காரியத்தைச் செய்தார். நடுச்சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். அதில் ஒரு குமிழ், சுற்றிலும் எண்கள்.

"இனிமே உங்க குளிரு உங்க கையில" என்று திங்கட்கிழமை அறிவித்தார்.

பெட்டிக்குள் ஒரு கம்பிகூடக் கிடையாது. அவர் மாட்டும்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டவன் என்பதால் எனக்குத் தெரியும். மேலாளர் பதினெட்டில் திருகி, "அப்பாடா, இப்பதான் உயிரு வந்துச்சு" என்பார். அவர் டீ குடிக்கப் போனதும் தலைமை எழுத்தர் இருபத்தேழில் திருகி ஸ்வெட்டரைக் கழற்றுவார். இரண்டு தேசமும் சமாதானமாகிவிட்டன.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூலிங்குக்குப் பயம் வந்துவிட்டது.

"தம்பி, நமக்கும் எவனாவது இப்படி ஒரு பொட்டிய மாட்டி வெச்சிருந்தா?"

மிச்சத்தை ஒரு வாரப் பத்திரிகையின் கேள்வி-பதில் பக்கம் பார்த்துக்கொண்டது. உலகமே யாரோ கம்ப்யூட்டரில் ஓட்டும் ஆட்டமாக இருக்கலாமாம். கூலிங் உடனே சாட்சி தேட ஆரம்பித்தார்.

"லிஃப்ட்ல தெனம் அதே வழுக்கை, அதே சட்டை. புதுசா ஆள் செய்ய அவனுக்குச் சோம்பேறித்தனம்."

"அவரு ரெண்டாம் மாடி காசாளர்ண்ணே. அவருகிட்ட இருக்கிறதே ரெண்டு சட்டை."

"பாத்தியா, உன்னை எப்படிப் பேச வைக்கிறான்!"

அன்றோடு முடிவெடுப்பதை அவர் துறந்தார். டீயா காபியா என்று கேட்டால், "எது வரணும்னு இருக்கோ வரட்டும்" என்பார். கேன்டீன்காரர் ஒரு வாரம் வெந்நீர் கொடுத்தார். அதையும் விதியென்று குடித்தார்.

இதெல்லாம் அவர் பாடு என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே மாடியில் என் அக்கா தட்டச்சராக இருந்தாள். அவள் "புழுங்குது" என்றால், கோளாறே இல்லாத ஏ.சி.யைக் கூலிங் முக்கால் மணி நேரம் பழுது பார்ப்பார். மூன்று வருஷமாக இதே கதை. வாய் மட்டும் திறக்கவில்லை. நடக்கணும்னு இருந்தால் நடக்குமாம்.

அக்காவுக்குத்தான் முதலில் நடந்தது, பதவி உயர்வோடு இடமாற்றம். ரயிலில் பத்து மணி நேரத் தொலைவு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சம்மதமா, இல்லையா என்று எழுதித் தர வேண்டும். மூணரைக்கு அவள் கூலிங்கைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நான் போகவா, இருக்கவா?"

"நாம சொல்லி என்னங்க ஆகப்போகுது? எல்லாம் மேல ஏற்கெனவே முடிவாகியிருக்கும்."

"மேலன்னா எங்க? மொட்டைமாடியா? அங்க உக்காந்திருக்கிறதே நீங்கதானே?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பொட்டில கம்பி இல்லன்னு எனக்குத் தெரியும். ஒருநாள் தூசி தட்டுனப்ப கையோட வந்திருச்சு. திரும்ப மாட்டிட்டு யார்கிட்டயும் மூச்சு விடல. கீழ இருக்கிறவங்க என்னத்தையோ திருகட்டும். மேல இருக்கிற ஆளும் 'என் கையில ஒண்ணுமில்ல'ன்னா எப்படிங்க?"

அவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்குப் பத்து நிமிஷம்.

"போகாதீங்க!"

வருஷக்கணக்காக இயந்திரத்தோடு பேசிப் பழகிய தொண்டை. பன்னிரண்டு தலைகள் திரும்பின. மனிதர் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடிவிட்டார்.

அக்கா 'சம்மதமில்லை' என்று எழுதி மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். காது சிவந்திருந்தது.

"போய்க் கூட்டிட்டு வாடா. விட்டா அங்கேயே ஆராய்ச்சி பண்ணிட்டு உக்காந்திருப்பாரு."

அப்படியேதான் உட்கார்ந்திருந்தார், கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல், குப்பென்று வியர்த்து.

"தம்பி, உண்மையச் சொல்லு. அது நானா சொன்னேனா, இல்ல எவனாவது சொல்ல வெச்சானா?"

"அதை வீட்டுல வந்து நிதானமா யோசிக்கலாம் அத்தான். இப்பக் கீழ வாங்க, அக்கா நிக்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, கிரீஸ் கையைக் கழுவச் சோப்பைத் தேட ஆரம்பித்தார்.