குதிரைகளுக்கு நான் போட்ட முகாம்

எனக்கு வாய் நீளம். கால்நடை மருத்துவராக இந்தப் பக்கம் இருபது வருஷம் அலைந்ததில் அது இன்னும் நீண்டுவிட்டது. மாடுகளுக்குக் கோமாரி ஊசி என்றால், ஊர் மாட்டையெல்லாம் கண்மாய்க்கரையில் வரிசையாகக் கட்டச் சொல்லி, முண்டுகிறவர்களை நாலு வார்த்தை கேட்டு, காலைச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் பந்தயக் குதிரைகளுக்கு ஃப்ளூ காய்ச்சல் பரவியது. ஒன்று இருமினால் பக்கத்தில் நிற்பதற்கும் தொற்றிக்கொள்ளும். திருவிழாவுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் ஒன்றரை மாதத்தில் இருந்தது. ஊசி போட்ட சீட்டு இல்லாத குதிரையை ஓடவிட மாட்டோம் என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. மருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியதும் நான் யோசிக்கவே இல்லை. எல்லாரும் மானகிரிக் கண்மாய்க்கரைக்குக் குதிரையைக் கொண்டுவாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டேன்.

மர ஆசாரி ஒருவர் மட்டும் திரும்பக் கூப்பிட்டார். நிலை, கதவு செய்கிறவர். அவரிடம் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை இருந்தது. இருமல் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அதைப் பட்டறைக்குப் பின்னால் தனியாகக் கட்டி, வேறு ஆளை அண்ட விடாமல் வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, ஒரு எட்டு வீட்டுக்கு வந்து போட்டுட்டுப் போனீகன்னா புண்ணியமாப் போகும். கூட்டத்துக்குள்ள கொண்டார பயமா இருக்கு."

"ஏண்ணே, ஒவ்வொரு கொல்லைக்கும் நான் வண்டி ஓட்டணுமா? உங்களது மட்டும் என்ன, ராசா வீட்டுக் குதிரையா? பேசாம கொண்டாங்க."

கொண்டுவந்தார். கோடியில் நின்ற கறுப்புக் குதிரை ஒன்று இருமியது. "தூசிம்மா" என்றார் அதன் சொந்தக்காரர். தூசி என்று நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது. ஆசாரி சத்தம் காட்டாமல் தன் குதிரையைத் தள்ளிக் கொண்டுபோய்க் கருவேல மரத்தடியில் கட்டினார்.

"வரிசையைக் கலைக்காதீங்க! இங்குட்டு வந்து கட்டுங்க!" என்று கத்தினேன்.

அத்தனை பேர் முன்னால் அவர் முகம் சுருங்கிவிட்டது. கறுப்புக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது. அங்கே கட்டினார். புதுக் குதிரையைக் கண்டால் மோந்து பார்க்காமல் இருக்குமா? இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டன. ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும், நோய்க்கு இரண்டு மூன்று நாள் போதும். படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள், குதிரைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டார். "ஊசி போட்டாக் காய்ச்சல் வரத்தான் செய்யும்ணே" என்று போனை வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் நான் போனபோது நெஞ்சில் சளி கட்டி, நின்ற இடத்திலேயே வியர்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அந்தப் பட்டறையே கதி என்று கிடந்து மருந்து ஏற்றிப் பார்த்தேன். பிழைக்கவில்லை.

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தாம்மா கொன்னுட்டேன். ஊசிக்கு மொத நாளு பழக்க ஓட்டம் விட்டேன், அதான் ஒடம்புக்கு ஆகல. நீங்க என்னமாப் பாத்தீக!"

இல்லையண்ணே, நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊரையே அதட்டுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. ஆமாம் என்பது போலத் தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு நான் குதிரைகளுக்கு முகாம் போடுவதில்லை. வீடு வீடாகப் போகிறேன். போன மாதம் மறுபடி இருமல் பேச்சு கிளம்பியது. ஆசாரி புதிதாக ஓர் இளங்குதிரை வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, முதலில் அவர் வீட்டுக்குப் போவதற்காக ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். வைத்தியத்துக்கு வந்த குதிரைகள் இரண்டு மூன்று இருமிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால், இளங்குதிரையைப் பிடித்துக்கொண்டு ஆசாரி நின்றார்.

"ஐயோ, இங்குட்டு ஏண்ணே கொண்டாந்தீக! நான் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கிட்டிருக்கேன்."

"உங்களை எதுக்கும்மா வீணா அலைய விடணும்? அன்னைக்கே சொன்னீகள்ல" என்று சிரித்தபடி, குதிரையை வரிசையோடு இன்னும் ஒட்டி நிறுத்தினார்.