இரட்டை முடிச்சு போட்ட பை

அடையாறில் எங்கள் அடுக்ககத்தின் பின்சுவரைத் தாண்டினால் கிண்டிக் காடு. அமாவாசைக்குப் பசுவுக்கு அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுப்பது எங்கள் வழக்கம். எங்கள் தெருவில் பசு ஏது? அதனால் எல்லாவற்றையும் பையில் கட்டிச் சுவருக்கு மேலே மான்களுக்கு வீசிவிடுவோம். பழம் சிதறக் கூடாதே என்று நான் இரட்டை முடிச்சு வேறு போடுவேன். என் சாமர்த்தியம்!

தை அமாவாசைக்கு மறுநாள் காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தினமும் வரும் காது கிழிந்த பெண்மான் சுவரோரம் நின்றது. அதன் வாயில் ஒரு நீலப் பை, பாதி உள்ளே போயிருந்தது. தொங்கிய பாதியில் என் இரட்டை முடிச்சு.

போன் செய்ததும் வனக்காவலர் வந்தார். அதற்குள் மான் புதருக்குள் ஓடிவிட்டது.

"இன்னாமா இது? புண்ணியம்னு சொல்லிக்கினு பையோட போட்டுக்கீறீங்க! மீதியும் உள்ள போச்சுன்னா மானு அவ்ளோதான்."

"அது என் பைதான்" என்றேன். அவர் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் தேடினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் தண்ணீர்த் தொட்டியருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மருத்துவர் பையை உருவி எடுத்தார். சுவருக்கு மேலே ஒரு குச்சி எழும்பியது, நுனியில் நீலப் பை.

"பையும் வந்துச்சு, மானும் எழுந்து ஓடிச்சுமா!" என்று சுவருக்கு அப்பாலிருந்து வனக்காவலர் கத்தினார்.

பால்கனிக்குப் பால்கனி கைதட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

அந்தப் பையைக் கேட்டு வாங்கி, கழுவி, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் மாட்டினேன். 'மானின் வாயிலிருந்து எடுத்தது. இது என் பை' என்று எழுதி வீட்டு எண்ணையும் போட்டேன். மாடி வீட்டு மாமிக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும்தானே போட்டுண்டிருந்தோம்? நீ மட்டும் எதுக்குடி பேரைக் கெடுத்துக்கறே?"

"எல்லாரும் நிறுத்தற வரைக்கும் கெடட்டும் மாமி."

அடுத்த அமாவாசையன்று பால்கனியை விட்டு நான் நகரவேயில்லை. ஒரு பைகூடப் பறக்கவில்லை. மாமியே ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போய்ப் பசுவைத் தேடிக் கீரையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் கிழிந்த காது வந்தது. வழக்கமாகப் பழம் விழும் இடத்தை முகர்ந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஒன்றும் வராது என்று தெரிந்ததும் திரும்பிப் புல் மேயப் போயிற்று. அதை ஏமாற்றி அனுப்பிவிட்டு, ஜெயித்த பெருமையில் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.