அனுமதியின்றிக் கடலில் இறங்கிய ஊழியர்

இங்கே கடலைக் காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். சூரியன் மறையும்போது மூடிவிடுவார்கள். நான் வேலை செய்யும் வளைகுடா ஓட்டலில், கடற்கரை மணலை ஓர் இயந்திரம் தலைவாருவது போல வாரிவிட்டுப் போகும். தண்ணீரில் ஆரஞ்சு மிதவைகள் கோத்த கயிறு ஒன்று கிடக்கும், கடல் அதுவரைதான். அலை கிடையாது. ஊழியர்கள் அந்தத் தண்ணீரில் கால் நனைக்கக்கூடாது என்பது விதி. முதல் நாள் இதைக் கேட்டதும் சேகர் சிரித்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரன். படகில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு, இங்கே விருந்தினர்களுக்குக் குடை நட வந்தவன். "கடலாண்ட வேல, கடலத் தொடக்கூடாதா? இன்னாண்ணாத்த, பேஜாரா கீது" என்றான்.

நான் செங்கல்பட்டில் நாளிதழ் நிருபராக இருந்தவன். ரயில்வே கேட்டில் லாரி நின்றுபோனாலும் 'அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது' என்று முடிப்பேன். இங்கே வேலை அதற்கு நேர்மாறு. ஓட்டலில் எது நடந்தாலும் பரபரப்பே நடக்காததுபோல ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். வழுக்கி விழுந்தவர் 'நிலை தடுமாறினார்'. மூழ்குதல் என்ற சொல்லே எங்கள் படிவத்தில் இல்லை. ஊரில் நான் பெரிய வேலையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், குடித்துவிட்டு இறங்கிய ஐரோப்பிய விருந்தினர் ஒருவர் மிதவைக் கயிற்றருகே இரண்டு முறை உள்ளே போய் மேலே வந்தார். சான்றிதழ் பெற்ற உயிர்காப்பாளர் விதிப்படி முதலில் விசில் ஊதினார். பிறகு வாக்கிடாக்கியில் தகவல் சொன்னார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். அதற்குள் சேகர் சட்டையோடு பாய்ந்து, ஆளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டிருந்தான். குப்பத்தில் அப்படித்தான் தூக்குவார்கள். மூழ்குகிறவன் கைக்குள் சிக்கினால் இருவருமே போய்விடுவார்கள். விருந்தினர் பிழைத்தார். மாலைக்குள் தெளிந்து, ஓர் ஊழியர் தன் முடியைப் பிடித்து இழுத்ததாகப் புகார் கொடுத்தார்.

சேகரின் வேலை நிலைப்பது இப்போது என் அறிக்கையைப் பொறுத்திருந்தது. எங்கள் முதீர், அதாவது மேலாளர், இந்த நாட்டுக்காரர், பண்பானவர். "அவருக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார். "மீன் பிடிப்பவர்" என்றேன். "எனக்கும் தூண்டில் போடப் பிடிக்கும்" என்று புன்னகைத்தார். "நீச்சல் சான்றிதழ் இருக்கிறதா?"

சேகரிடம் கேட்டேன். "எங்க குப்பத்துல நாய்கூட நீஞ்சும். அதுக்கு எவன் சர்ட்டிபிகேட் குட்தான்? நீ நடந்தத எழுது அண்ணாத்த, அது போதும்."

நான் எழுதியது இது: 'விருந்தினர் ஓய்வாக மிதந்துகொண்டிருந்தபோது, ஊழியர் ஒருவர் அனுமதியின்றிக் கடலில் இறங்கினார்.' முதீர் படித்துவிட்டுப் பிரச்சினை இல்லை என்றார். யாருக்கு இல்லை என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் சேகரை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

விடுப்பில் போனபோது, மனைவி மகளோடு மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தங்கினேன். வளைகுடாவிலிருந்து வருகிறவன் சொந்த மாவட்டத்திலேயே அறை எடுத்துத் தங்கினால்தான் மதிப்பு. ரிசார்ட்டின் மணலுக்கும் கடலுக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தார்கள், குப்பத்து ஆட்கள் உள்ளே வராதபடி. இந்தக் கயிற்றை வளைகுடாவின் கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். காவலுக்குச் சீருடையில், கழுத்தில் விசிலோடு நின்றவன் சேகர்.

"வாங்க சார்" என்று சல்யூட் அடித்தான். அந்த 'அண்ணாத்த' போய்விட்டிருந்தது. நாங்கள் கடலுக்குப் போகக் கயிற்றைத் தூக்கினான். "இங்க அலை இழுக்கும் சார். முழுவுனா நான் வரமாட்டேன். பர்மிசன் இல்ல."

அதற்குள் மகள் கயிற்றுக்கு அடியில் புகுந்து அலையை நோக்கி ஓடினாள். சேகர் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, ஷூவோடு ஓடி, முழங்கால் தண்ணீரில் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அவன் விசிலை ஊதவே இல்லை.

தோளில் வலையோடு, ரிசார்ட் மணல் வழியே குறுக்கே போக வந்த குப்பத்துக்காரர் ஒருவர் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்து நின்றார். முறைத்தார்.

"தெரியுது, தெரியுது. சுத்திக்கினுதான் போறேன்" என்றார்.