நீளமான கூடு

ராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்துகொண்டிருந்தேன். செருப்பின் வார் அறுந்திருந்ததால் கையில் எடுத்துக்கொண்டேன். வண்டித்தடம் சுட்டது. அது பழகிப்போகும். காதுக்குள் தேனீக்கள் இரைவதுதான் பழகவில்லை. நான் விட்டுவந்த பானையில் ஓர் ஈ கூட உயிரோடு இல்லை.

அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. அதன் காவல்காரரிடம் சோற்றுக்கு வேலை செய்துவந்தேன். அவர் குடிசைக் கூரையில் ஒரு மண்பானை தொங்கியது. அவர் மனைவி கட்டியது. அவள் செத்த பிறகுதான் அதில் தேனீக்கள் வந்து அடைந்தன. அவளே அனுப்பினாள் என்று நம்பினார். அதில் காதை வைத்துக் கேட்காமல் படுக்கமாட்டார்.

ஒரு நாள் ராணி ஈ பானைக்குக் கீழே செத்துக் கிடந்தது.

"வேற ஒண்ணை வளத்துக்கிடும்லே" என்றார்.

அப்படியே நடந்தது. ஈக்கள் இளம்புழுக்கள் சிலவற்றுக்கு வெள்ளைக் கூழ் ஊட்டி, அவற்றின் அறைகளை நிலக்கடலை போலக் கீழ்நோக்கி நீட்டிக் கட்டின. இப்படி ஐந்தாறு ராணிக்கூடுகள் தொங்கின. பல ராணிகள் பிறந்தால் கூட்டம் பிரிந்து பறந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு கூட்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவார்கள்.

"எதை விடப்போறிய, அண்ணாச்சி?"

"நீளமானதைத்தான்."

"இன்னொண்ணும் கெடக்கட்டுமே."

"ஒரு அடுப்படிக்கு ரெண்டு மாமியாளா? கல்யாணம் ஆகாத பயலுக்கு என்னலே தெரியும்!"

சிரித்துக்கொண்டே கிள்ளினார். கிள்ளியவற்றில் புழுக்கள் நெளிந்தன.

மிஞ்சிய கூட்டை ஈக்கள் மொய்த்துச் சூடாக வைத்திருந்தன. மெழுகு வைத்து இன்னும் நீட்டின. அவருக்குச் சந்தோஷம். பிறகு ஒரு மதியம் பார்த்தால் கூட்டின் பக்கவாட்டில் ஓட்டை. ராணி பிறந்திருந்தால் நுனி மூடிபோல் திறந்திருக்கும். இது ஈக்களே வெளியிலிருந்து கடித்துக் கிழித்தது. கீழே கறுத்துச் சுருங்கிய ஒரு புழு கிடந்தது. மேலே இருந்த கூழை விட்டுக் கீழே வழுக்கி எப்போதோ செத்திருக்கிறது. வழுக்கிய புழுவை எட்டிப் பிடிக்கத்தான் ஈக்கள் கூட்டை அவ்வளவு நீட்டினவோ என்னவோ. சாயங்காலத்துக்குள் அந்தக் கூட்டையும் அடிவரை அரித்துத் தீர்த்தன. அடையில் அது இருந்த தடமே இல்லை.

மறுபடி தொடங்க இளம்புழு ஒன்றும் மிச்சமில்லை. முட்டையிட ராணியும் இல்லை. இருந்த ஈக்கள் நாளுக்கு நாள் குறைந்து, பானை அடங்கிப்போனது. அவர் காது வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"செத்த நேரம் வச்சுப் பாருலே. கேக்குதா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குது, அண்ணாச்சி" என்றேன்.

சொன்ன பிறகு உண்மையிலேயே கேட்டது. அவரும் தலையாட்டினார். விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் படுத்தேன். மறுநாள் காலை, சூளை பிரிக்க ஆள் வேண்டும் என்றார் ஒரு குயவர்.

"ஒவ்வொண்ணாத் தட்டிப் பாரு. கணீர்னா இங்கிட்டு வையி. கீறல் சத்தம்னா அங்கிட்டுப் போடு."

முதல் பானையைத் தூக்கி அதன் வாயில் காதை வைத்தேன்.

"தட்டச் சொன்னா ஒட்டுக் கேக்கான். உள்ள யாருலே இருக்கா?" என்றார்.

தட்டினேன்.