தானாகவே போட்டுக்கொள்ளும் எண்கள்

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் போனால், பட்டுச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சின்ன நிலையம் ஒன்று வரும். அதன் அலுவலகம் ஊருக்குள், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தது. நான் அங்கே எழுதுவதற்காகச் சேர்ந்தேன். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த மோட்டாரை எப்போது நிறுத்துவது, எந்தத் தொட்டியில் எந்த மருந்தை எவ்வளவு ஊற்றுவது என்பதையெல்லாம் ஆப்பரேட்டர்களிடம் கேட்டு, நிலையத்தின் விக்கி என்ற இணையத் தளத்தில் பக்கம் பக்கமாக ஏற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், அனுமதி உள்ளவர்கள் திருத்தலாம் என்ற மாதிரியான பக்கங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் சென்னையிலிருந்து வரும் இன்ஜினியர் அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். என்னைவிடச் சின்னவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட்டால் அது தலைப்பாகிவிடும். ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. இரண்டிரண்டு அலைக்குறி போட்டால் வேண்டாம் என்று அடித்த மாதிரி சொல்லின் குறுக்கே கோடு விழும். எண்ணும் புள்ளியும் போட்டு எழுதினால் வரிசையாகப் பட்டியல்.

"நம்பரைப் பத்தி மட்டும் கவலையே படாதீங்க. நீங்க எல்லா வரிக்கும் ஒண்ணுன்னே போட்டாலும் அது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தானா போட்டுக்கும்" என்றார்.

சோதித்துப் பார்த்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று என்று அடித்தேன். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. ஒன்று, ஒன்பது, நான்கு என்று அடித்தேன். அதற்கும் ஒன்று, இரண்டு, மூன்றுதான். நான் என்ன அடித்தேன் என்பதை அது பார்க்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது.

நிலையத்தின் மூத்த ஆப்பரேட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். சம்ப்பு என்று எல்லோரும் சொல்லும் நிலத்தடித் தொட்டியைப் பற்றி அவர்தான் எனக்கு விவரம் சொன்னார். எல்லாப் பட்டறைகளின் தண்ணீரும் முதலில் வந்து விழும் இடம் அது. அடியில் சேறு தங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஓர் ஆள் உள்ளே இறங்கி, பம்ப்பின் வாயை அடைத்திருக்கும் நூலையும் சேற்றையும் எடுத்தாக வேண்டும்.

"உள்ள கேஸ் இருக்கும்மா" என்றார். "கொஞ்சமா இருந்தா அழுவுன முட்ட நாத்தம் அடிக்கும். அதுக்குப் பயப்பட வேணாம். நாத்தம் அடிச்சிக்கினு இருந்தது திடீர்னு நின்னு போச்சின்னா, அப்பதான் பயப்படணும். கேஸு போயிடல. மூக்கு செத்துப் போச்சி. அதுக்கு மேல ரெண்டு மூச்சோ மூணு மூச்சோதான்."

அவர் சொல்லச் சொல்ல ஏழு படிகள் எழுதினேன். பம்ப்பை நிறுத்துவது முதல் படி. சுவிட்ச் போர்டைப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வது இரண்டு. மூடிகளைத் திறப்பது மூன்று. காற்றடிக்கும் புளோயரை ஒரு மணி நேரம் ஓட்டுவது நான்கு. மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, கேஸ் எவ்வளவு என்று பார்ப்பது ஐந்து. ஆளுக்கு பெல்ட்டும் கயிறும் மாட்டுவது ஆறு. இறங்குவது ஏழு. அதை அச்செடுத்து, லேமினேட் செய்து, சம்ப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். சீக்கிரத்திலேயே எல்லோரும் எண்ணாலேயே பேச ஆரம்பித்தார்கள். புளோயர் ஓட்டியாச்சு என்று யாரும் சொல்லவில்லை. நாலு முடிஞ்சுது என்றார்கள்.

அந்த வருடம் வைகாசியில் புது சுவிட்ச் போர்டு வந்தது. பம்ப்பை நிறுத்தினால் அதுவே பூட்டிக்கொள்ளும். இரண்டாவது படி தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்று மேடம் செய்தி அனுப்பினார். நான் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியை அழித்தேன். கீழே இருந்தவை எல்லாம் சத்தமில்லாமல் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. ஏழு ஆறாயிற்று. பக்கம் பார்க்க ஒழுங்காக இருந்தது. அழித்த தடயமே இல்லை.

ஆப்பரேட்டருக்குப் போன் போட்டேன். "அண்ணா, சம்ப்பு பேஜுல ஒரு ஸ்டெப்ப எடுத்துட்டேன். புது ஷீட்டு அனுப்பறேன்."

"சரிமா" என்றார். எந்தப் படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லேமினேஷன் கடைக்காரர் கோயில் திருவிழா முடிந்து வாங்க என்று சொல்லிவிட்டார். பழைய ஷீட் சுவரிலேயே இருந்தது.

பெருமாள் கருடன்மேல் ஊர்வலம் வரும் கருட சேவை அன்று பட்டறைகளுக்கு விடுமுறை. தண்ணீர் வராது என்பதால் சம்ப்பு சுத்தம் செய்ய அந்த நாளைத்தான் வைத்திருந்தார்கள். சாலைகளை அடைத்திருந்ததால் மேடம் வரவில்லை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது வழக்கம். எதிரில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கீழே தெருவில் கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் மேளச் சத்தம் கேட்டது.

பதினொரு மணி இருக்கும். என் செல்போன் அடித்தது.

"நாலு முடிஞ்சுதுமா" என்றார் ஆப்பரேட்டர்.

திரையைப் பார்த்தேன். நான்கு: மீட்டரை இறக்கி அளவு பார்க்கவும். அது முடிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"சரிண்ணா. அடுத்தது பெல்ட்டு."

"பெல்ட்டா?"

"ஆமாண்ணா. பெல்ட்டு, கயிறு. மேல ரெண்டு பேர் நிக்கணும்."

"ஓ, எடுத்துட்டாங்களா. சரி சரி."

பெல்ட்டை வெளியே எடுத்துவிட்டார்களா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது மீட்டர் பார்க்கும் படியை. அந்த மீட்டர் சும்மா சும்மா கத்துகிறது என்று இரண்டு மாதமாக அவர் மேடத்திடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு படியை எடுத்துவிட்டேன் என்று நான் சொன்னதும், நாலுக்கு அடுத்தது பெல்ட் என்று சொன்னதும் சேர்ந்து அவர் மனதில் ஒரே கணக்காகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அளவு எவ்வளவு என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று பக்கத்தில் நான் எழுதி வைக்கவில்லை.

ஆப்பரேட்டர் போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் அணைக்கவில்லை. வழக்கமாக இறங்குகிறவர்தான் அன்றும் இறங்கினார். நாற்பது வயதுக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. இரும்பு ஏணியில் அவர் கால் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொட்டிக்குள்ளிருந்து எதிரொலியோடு பேச்சு.

"நாத்தம் கொடலப் புடுங்குதுண்ணே."

"பாத்து இறங்கு."

மண்வெட்டி தரையில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம். சேற்றைக் கிளறுகிறார். அப்புறம் அதே குரல், கொஞ்சம் இதமாக:

"அண்ணே, இப்ப நாத்தமே இல்லண்ணே. நல்லா இருக்குது."

ஆப்பரேட்டர் கத்தவில்லை. தாழ்ந்த குரலில், வேகமாக, "மேல வா. எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டு மேல வா" என்றார். "டேய், ஏணியப் புடி." பதில் இல்லை. ஏதோ தண்ணீரில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு சிமெண்ட் விளிம்பில் கயிறு உராயும் சத்தம் மட்டும். இழுத்து விட்டு, இழுத்து விட்டு. மேலே இருந்தவர்கள் ஆப்பரேட்டரும் வாட்ச்மேனும்தான். இருவருடைய மூச்சும் எனக்குக் கேட்டது. அண்ணா, அண்ணா என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பைக்குள் இருந்த போனிலிருந்து அது யாருக்குக் கேட்கும்?

அலுவலகப் போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஊருக்குள் வர முடியாது, சுற்றித்தான் வரணும், அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருக்கவில்லை. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன சரக்கு வண்டியில் மேலே இழுத்தெடுத்த அவரைப் படுக்க வைத்து ஆப்பரேட்டரே கொண்டுபோனார். கயிறு மாட்டியிருந்ததால்தான் இழுக்க முடிந்தது. யாராவது காப்பாற்ற உள்ளே இறங்கியிருந்தால் அவரும் வந்திருக்க மாட்டார்.

மூச்சு இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்ன பிறகுதான் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் அப்படியே இருக்கும். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. நான் அழித்த வரி சிவப்பில் நின்றது. மேலே என் பெயர், நாள், நேரம். என்ன மாற்றினாய் என்று கேட்கும் சின்னக் கட்டத்தில் 'சிறு திருத்தம்' என்று அடித்திருந்தேன்.

மறுநாள் மேடம் வந்து பார்த்தார். "பேஜும் சரி. ஷீட்டும் சரி. தனித்தனியா பாத்தா ரெண்டுலயும் தப்பு இல்ல" என்று மட்டும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்கு முன் நிலையத்தின் நிர்வாகி என் மேசைக்கு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அந்த வரியத் திருப்பிப் போட்டுடுங்களேன்மா. சுவத்துல இருக்குற ஷீட்டும் பேஜும் ஒண்ணாயிடும். யார் போய் ஹிஸ்டரி எல்லாம் பாக்கப் போறாங்க?"

"அப்ப பழி ஆப்பரேட்டர் அண்ணன் மேல போயிடுமே சார்."

"அவர நான் பாத்துக்கிறேன்."

அவர் போன பிறகு பக்கத்தைத் திருத்தத் திறந்தேன். வரியை அடித்தேன். முன்னோட்டத்தில் ஏழு படிகளும் பழையபடி வந்து நின்றன. எண்கள் அவ்வளவு சுலபமாக இறங்கிக்கொண்டன. மீட்டர் மறுபடி ஐந்து. சேமி என்ற பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சேமிக்காமல் மூடினேன். நடந்ததை மூன்று பக்கத்துக்குக் கையால் எழுதி விசாரணையில் கொடுத்தேன்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஆப்பரேட்டரைச் சம்ப்பு வேலையிலிருந்து எடுத்து வாசலில் பதிவேடு எழுத உட்கார வைத்தார்கள். நிர்வாகி அதன் பிறகு என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஆப்பரேட்டர் பேசுவார். ஆனால், முன்பு மாதிரி எதையும் எனக்கு விளக்கிச் சொல்லமாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இறங்கியவரைப் பார்க்கப் போனேன். கூரம் போகும் வழியில் அவர் வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இளைத்திருந்தார். அவர் மனைவி வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததுமே எனக்குத் தீய்ந்த வாசனை அடித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அணைத்தேன். அவர் பத்தடி தூரத்தில் இருந்தார்.

"தெரியல" என்றார். "எதுவுமே தெரியல. சோத்துல கூட வாசன இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன். "அண்ணா, அந்தப் பேஜ எழுதுனது நான்தான். போன்ல பெல்ட்டுன்னு சொன்னதும் நான்தான்."

என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வேண்டும் என்றுகூட இருந்தது.

"ஆப்பரேட்டர் அண்ணன் அத எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். பிறகு, "பஸ்சுலயா வந்த? வெயில்ல வந்துக்கினு" என்றார். கிளம்பும்போது, அடுத்த மாதம் வேலைக்கு வருவதாகச் சொன்னார். எந்த வேலை என்று கேட்டேன். "இறங்குற வேலதான். நமக்கு வேற என்ன குடுக்கப்போறாங்க?" நாற்றம் தெரியாத மூக்கோடு அவர் எப்படி இறங்குவார்? மேடத்திடம் சொன்னேன். மேடம் நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டு, அந்த வேலை இறங்கியவருக்கு இல்லை என்றானது. வேலை போனதற்காக அவர் என்மேல் வருத்தப்பட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சம்ப்புப் பக்கத்தில் எண்களை எல்லாம் எடுத்தேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் கொடுத்து, அதைத் தடித்த எழுத்தில் போட்டேன். மீட்டர் என்றால் மீட்டர். போனிலும் அப்படித்தான் பேச வேண்டும், அளவைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்று ஏற்பாடு செய்தோம். பிறகு மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குறிகளோடு அடித்ததையும் திரையில் படிக்கிறவருக்குத் தெரிவதையும் ஒப்பிட ஆரம்பித்தேன். 'மேலே மூன்றில் சொன்னபடி' என்று ஒரு பக்கம். அங்கே மூன்று எப்போதோ வேறு ஏதோவாகிவிட்டிருந்தது. இன்னொன்றில் நான் பட்டியலுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட்டு ஒரு வாக்கியம் எழுதியதில், எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, ஒரே பக்கத்தில் இரண்டு இரண்டாவது படிகள். எல்லாம் என் கையால் ஏற்றியவை. யாருக்கும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

ஆசிட் கலக்கும் பக்கம் கடைசியில் வந்தது. 'தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது' என்ற வரியில், யாரோ அழுத்திச் சொல்ல நினைத்து நட்சத்திரத்துக்குப் பதில் அலைக்குறி போட்டிருந்தார்கள். முழு வரியின் குறுக்கேயும் அடித்த கோடு. படிக்கிறவருக்கு, இனி இது தேவையில்லை என்றுதான் அர்த்தம் ஆகும். வரலாற்றில் பார்த்தேன். எட்டு மாதமாக அப்படியே இருந்திருக்கிறது.

உடனே ஆசிட் ஷெட்டில் இருப்பவருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தீர்களா, எப்படிக் கலக்குகிறீர்கள் என்று பதற்றமாகக் கேட்டேன்.

"எந்தப் பேஜுமா?" என்றார் அவர். "அதெல்லாம் நாங்க யாரும் பாக்குறதே இல்ல."